கொக்கு ஏன் கவிழ்ந்தது? – ரயில் மாடல் கேள்வி பதில்

போன இதழில் என் மேசை மேல் நிற்கும் ஒரு சின்ன ரயில்வே கிரேனைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: நான்கு சக்கர வண்டி, அதன் மேல் சுற்றும் தட்டு, தட்டின் பின்பக்கம் ஹோமியோபதி மாத்திரைக் குப்பியில் செய்த நெட்டுக்குத்துப் பாய்லர், முன்பக்கம் நீளக் கழுத்து மாதிரி ஒரு பூம், ஓட்டுநருக்கு ஈஸி சேர், அவர் தலைக்கு மேல் கறுப்புக் குடை, எதிர் எடைக்கு ஒரு அம்மிக்கல்லும் குழவியும். பெயர் கொக்கு. இப்படி ஒரு கிரேன் எந்த ஊர் ரயில்வேயிலும் ஓடியதில்லை, ஆனால் இதன் கொக்கி நிஜமாகவே ஏறி இறங்கும், பூம் நிமிர்ந்து தாழும், தட்டு சுற்றும். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவர் எழுதியதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மகனுக்கு வாங்கிய ஒரு ரயில் செட் வீட்டில் சும்மா கிடக்கிறது. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அதன் மேல் இப்படி ஒரு கிரேன் செய்யலாமா? எந்த அளவில் செய்வது? – திருப்பூர் வாசகர்

தாராளமாகச் செய்யலாம். கொக்கும் அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் நிற்கிறது.

கடையில் கிடைக்கும் அந்த செட்டுகள் பெரும்பாலும் ஹெச்ஓ, அதாவது 1:87 (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு), இல்லாவிட்டால் பிரிட்டிஷ் ஓஓ, அதாவது 1:76. இந்த அளவுகளில் ஒரு ஆளின் உயரம் சுமார் 2 செ.மீ.தான். அந்த ஆளுக்கு ஈஸி சேர் செய்து, குடை விரித்து, கையில் லீவர் கொடுப்பது கண்ணுக்கும் விரலுக்கும் பெரிய பாடு. அதனால் நான் தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே இருப்பதை மட்டும் 1:24 அளவுக்குப் பெரிதாக்கினேன். அப்போது 16.5 மி.மீ. என்பது நிஜத்தில் ஏறக்குறைய 15 அங்குல ரயில் பாதை என்று ஆகிவிடும்.

15 அங்குலத்தில் ரயிலா என்று கேட்காதீர்கள், உண்டு. சர் ஆர்தர் ஹேவுட் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெர்பிஷயரில், தன் வீட்டை ஒட்டிய நிலத்தில் டஃபீல்டு பேங்க் என்ற 15 அங்குலப் பாதையைப் போட்டார். பண்ணைக்கும் எஸ்டேட்டுக்கும் சாமான் இழுக்கத் தேவையான குறைந்தபட்ச அகலம் இதுதான் என்பது அவருடைய வாதம். 1896-ல் ஈட்டன் ஹால் எஸ்டேட்டுக்கும் அப்படி ஒன்று போட்டுக்கொடுத்தார். 1927-ல் தொடங்கிய ரோம்னி, ஹைத் அண்ட் டிம்சர்ச் ரயில்வே அதே 15 அங்குலத்தில் இன்றும் பயணிகளோடு ஓடிக்கொண்டிருக்கிறது. மாடல்காரர்கள் இந்தச் சேர்க்கையை ஜிஎன்15 என்பார்கள். ஆள் 7 செ.மீ. உயரத்துக்கு வருவார், வண்டி அவர் இடுப்புக்கும் கீழே இருக்கும், பாதி வேடிக்கை அந்த விகிதத்திலேயே கிடைத்துவிடும். பழைய வேகன் ஒன்றின் சக்கரங்களும் அடிச்சட்டமும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் கத்தியும் பசையும்தான்.

கேள்வி: கற்பனை கிரேன்தானே? மனசுக்குத் தோன்றியதை ஒட்டிவிட்டுப் போகலாமே, எதற்கு இவ்வளவு கணக்கு? – கோவை வாசகி

இதைத்தான் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கும் ரொம்பப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன்.

ரோலண்ட் எமெட் என்று ஒரு ஆங்கிலேய ஓவியர் இருந்தார், 1906-ல் பிறந்து 1990-ல் மறைந்தவர். ஒல்லியான புகைபோக்கி, வளைந்த கூரை, தடுமாறிக்கொண்டே போகிற கிராமத்து ரயில் என்று பத்திரிகையில் வரைந்துகொண்டிருந்தவர். 1951-ல் பிரிட்டன் விழா நடந்தபோது லண்டன் பேட்டர்சீ பூங்காவில் அவர் வரைந்த ரயிலை நிஜமாகவே செய்து ஓட்டினார்கள், அதுவும் 15 அங்குலப் பாதையில். நெல்லி, நெப்டியூன், ஒயில்டு கூஸ் என்று மூன்று எஞ்சின்கள். ஒன்று படகு மாதிரி, ஒன்று பலூன் கூடை மாதிரி. மக்கள் வரிசையில் நின்று ஏறினார்கள். அந்த விசித்திர உடைக்குக் கீழே இருந்தது என்னவென்றால், ஒழுங்காகக் கட்டப்பட்ட டீசல்-எலெக்ட்ரிக் எஞ்சின். சக்கரமும் பிரேக்கும் கோமாளித்தனம் செய்யவில்லை, அதனால்தான் மேலே இருந்த கோமாளித்தனத்தை மக்கள் நிம்மதியாக ரசித்தார்கள்.

அப்புறம், நிஜ ரயில்வேயே எவ்வளவு விசித்திரமானது என்று பாருங்கள். அயர்லாந்தின் கெர்ரி பகுதியில் லிஸ்டோவல், பாலிபனியன் ஊர்களுக்கிடையே 1888 முதல் 1924 வரை ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடியது. ஆங்கில ஏ எழுத்து மாதிரி நிற்கும் சட்டங்களின் உச்சியில் தண்டவாளம், அதன் இரண்டு பக்கமும் கழுதை முதுகில் பொதி தொங்குவது போலப் பெட்டிகள். ஒரு பக்கம் பாரம் ஏற்றினால் மறுபக்கமும் சமமாக ஏற்றியாக வேண்டும். நம் பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907-ல் வந்ததும் ஒற்றைத் தண்டவாளம்தான். பாரத்தில் பெரும்பகுதி தண்டவாளத்தில், சாயாமல் இருக்க ஒரு பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில். அந்த எஞ்சினை டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இரண்டையும் முதல் தடவை பார்க்கிறவர் சிரித்துவிடுவார். ஆனால் ஒவ்வொரு உறுப்பும் அங்கே இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அந்தக் காரணம் இல்லாவிட்டால் வேடிக்கை ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். கொக்கில் எதை ஒட்டுவதற்கு முன்பும் "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று நான் கேட்பது இதனால்தான். குடைக்கு வேலை உண்டு, புகைபோக்கியிலிருந்து விழும் கங்கு ஓட்டுநர் தலையில் விழக்கூடாது. அம்மிக்கல்லுக்கு வேலை உண்டு, பின்பாரம். பாய்லர் தோளில் உட்கார்ந்திருக்கும் டீ கெட்டிலுக்கும் உண்டு. நீராவி எஞ்சின் ஓட்டியவர்கள் டீ கேனை நெருப்புப் பெட்டிக்கு மேலே இருக்கும் தட்டில்தான் சூடாக வைத்திருப்பார்கள். நிஜ நீராவி கிரேனில் பாய்லரைப் பின்கோடியில் வைத்ததுகூட வெறும் இடவசதிக்காக இல்லை. எப்படியும் சுமந்தாக வேண்டிய பாரம், அதுவே எதிர் எடையாகவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்ற கணக்கு அது. அதை யோசித்தவர் மேல் எனக்கு இன்றும் ஒரு பிரியம் உண்டு.

கேள்வி: அட்டையில் ஒன்று செய்துவிட்டேன். பூமைத் தண்டவாளத்தின் போக்கில் வைத்தால் நிற்கிறது, பக்கவாட்டில் திருப்பினால் கவிழ்கிறது. பின்னால் நட்டு போல்ட்டாகச் சேர்த்தேன், இப்போது பூமை நிமிர்த்தினால் பின்பக்கமாகக் கவிழ்கிறது. – தூத்துக்குடி வாசகர்

கொக்கும் இதே மாதிரி இரண்டு பக்கமும் கவிழ்ந்திருக்கிறது. நீங்கள் தப்பான இடத்தில் எடை சேர்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பக்கவாட்டில் திரும்பியதும் வண்டி எதன் மேல் புரளும்? பூம் நீட்டிய பக்கத்துத் தண்டவாளத்தின் மேல். அது வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 8.25 மி.மீ. தூரம்தான், 16.5-ல் பாதி. கொக்கின் கணக்கைச் சொல்கிறேன். பூமின் நீளம் 150 மி.மீ., எடை 12 கிராம், அதன் அடி வண்டி நடுவிலிருந்து 10 மி.மீ. முன்னால். 50 பாகை நிமிர்த்தினால் அதன் எடைமையம் வண்டி நடுவிலிருந்து 58 மி.மீ. தள்ளி வரும், நுனி 106 மி.மீ. தள்ளி. நுனியில் 8 கிராம் கொக்கி, அது தூக்கும் 10 கிராம் வாளி. புரளும் இடத்திலிருந்து தூரத்தை எடையோடு பெருக்கிக் கூட்டினால், கவிழ்க்கும் பக்கம் சுமார் 2,360 வருகிறது. அடிவண்டி 60 கிராம் என்றால் அது பிடித்து நிறுத்துவது 60 × 8.25, சுமார் 500 மட்டும். மீதி 1,860-ஐப் பின்பாரம் தாங்க வேண்டும். அது நடுவிலிருந்து 40 மி.மீ. பின்னால் இருக்கிறது, ஆகவே 48.25 மி.மீ. தூரம். கிட்டத்தட்ட 39 கிராம் வேண்டும். சரி, பாதுகாப்புக்கு 50 போடுவோம் என்று போட்டேன். பக்கவாட்டில் கம்பீரமாக நின்றது.

வாளியைக் கழற்றிப் பூமை நெட்டுக்குத்தாக நிமிர்த்தியதும் குப்புற இல்லை, மல்லாக்க விழுந்தது. ஏனென்றால் இப்போது புரளும் இடம் பின்பக்கத்துத் தண்டவாளம். 50 கிராம் பின்பாரம் அதற்கு வெளியே 31.75 மி.மீ. தள்ளித் தொங்குகிறது, கவிழ்க்கும் பக்கம் 1,590. நிமிர்ந்த பூமும் கொக்கியும் அடிவண்டியும் சேர்ந்து பிடிப்பது சுமார் 860 மட்டுமே.

தீர்வு பின்னால் இல்லை, கீழே. அடிவண்டியை 130 கிராமாக ஆக்கி, பின்பாரத்தை 35-ஆகக் குறைத்தேன். இரண்டு பக்கமும் நிற்கிறது. எடையைச் சக்கரங்களுக்கு நடுவே, முடிந்த அளவு தாழ வையுங்கள். நான் தூண்டில் ஈயக் குண்டுகளைத் தட்டி நிரப்பினேன். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஈயமே வேண்டாம், இரும்பு நட்டு போதும். நகைக்கடையில் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள், இந்த வேலையில் அதுதான் வலது கை.

நிஜ கிரேனுக்கும் இதே தொல்லைதான். அதனால்தான் இத்தனை டன் தூக்கும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை, இத்தனை அடி தூரத்தில் இத்தனை டன் என்பார்கள். பூம் தாழத் தாழ, தூக்கும் அளவு குறையும். பெரிய பாரம் என்றால் அடியிலிருந்து பக்கவாட்டில் உத்தரங்களை இழுத்து, கீழே மரக்கட்டை அடுக்கி முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தூக்குவார்கள். அப்போது புரளும் இடம் தண்டவாளத்தைத் தாண்டி வெளியே போய்விடும். நீங்களும் இரண்டு தீக்குச்சி உத்தரம் வைத்துப் பாருங்கள், வேலை செய்யும், பார்க்கவும் அழகு.

கேள்வி: எங்கள் ஊரில் ரயில் மாடல் செய்பவர்கள் மூன்று பேர் இருக்கிறோம். நான் செய்ததைக் காட்டினேன். ஒருவர் "இப்படி ஒரு கிரேனே கிடையாதே" என்றார். இன்னொருவர் "சூப்பர்" என்றார். இரண்டுமே எனக்கு உதவவில்லை, முதலாவது வலிக்கவும் செய்தது. – சேலம் வாசகர்

வலித்திருக்கும். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த பொருள், அதை ஒரே வாக்கியத்தில் ஒதுக்கினால் யாருக்கும் வலிக்கும். ஆனால் தப்பு அவர்களிடம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். முடிந்து, பெயின்ட் அடித்து, பளபளவென்று ஒரு பொருளை நீட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் என்ன சொல்ல முடியும்? திருத்தச் சொன்னாலும் இனித் திருத்த முடியாது என்று அவருக்கே தெரியும்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம். கொக்கை நான் முதலில் கொண்டுபோனது பிஸ்கட் பெட்டி அட்டையில் வெட்டி, குண்டூசி குத்திய நிலையில். பார்க்கக் கேவலமாக இருந்தது, அதுதான் நல்லது, எல்லாரும் கூசாமல் கை வைத்தார்கள். துறைமுகத்தில் 30 வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒருவர் எங்களோடு உண்டு. அவர் அட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, கம்பி எந்த வழியா போகுது?"

விரலால் காட்டினேன். உருளையிலிருந்து கிளம்பி, மேலே போய், பூம் நுனிக் கப்பிக்கு. "நடுவுல உங்க டிரைவர் கழுத்து இருக்கே" என்றார். ஆமாம், இருந்தது. ஈஸி சேர் சரியாகக் கம்பியின் பாதையில் போட்டிருந்தேன். மூன்று வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை, அவருக்கு அரை நிமிடத்தில் தெரிந்தது. 30 வருடம் அவர் உட்கார்ந்திருந்த இடம் அல்லவா அது. அதற்கப்புறம் சேரை இடப்பக்கம் தள்ளினோம், அதற்கு இடம் விட பாய்லரை வலப்பக்கம் நகர்த்தினோம், இந்த நகர்வில்தான் கொக்குக்கு அந்த ஒருபக்கச் சாய்ந்த நடை வந்தது. இன்று எல்லாரும் முதலில் ரசிப்பது அந்தச் சாய்வைத்தான்.

அடுத்த கூட்டத்துக்கு நண்பர் ஒருவரின் 12 வயது மகள் வந்திருந்தாள். "இதை யாரு இழுப்பா?" என்று கேட்டாள். கிரேன் தானாக நகருமா, எஞ்சின் இழுக்குமா என்பதையே நான் யோசித்திருக்கவில்லை, முன்பக்கம் இணைப்புக் கொக்கி மாட்ட இடமே இல்லை.

ஆகவே நான் செய்வது இது. பாதியில் காட்டுகிறேன். பொதுவாக எப்படி இருக்கிறது என்று கேட்பதே இல்லை, குறிப்பாக ஒன்றைக் கேட்கிறேன்: இந்தக் கப்பி இங்கே சரியா, ஓட்டுநருக்குக் கொக்கி தெரியுமா, எது கண்ணை உறுத்துகிறது. "இப்படி ஒரு கிரேனே கிடையாது" என்று சொன்னவரிடம், சரி, இதற்குக் கிட்டத்தட்ட இருக்கும் நிஜ கிரேன் எது, அதில் இந்த இடத்தை எப்படிச் செய்திருந்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். சின்னச் சின்ன விவரத்திலும் குறை கண்டுபிடிப்பவர்களை ரிவெட் எண்ணுகிறவர்கள் என்று நம் ஆட்கள் கேலி செய்வார்களே, அவர்களிடம்தான் பொக்கிஷம் இருக்கிறது. எங்கள் குழுவில் அப்படி ஒருவர் உண்டு. ராட்செட்டும், அதாவது உருளை பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் பல்சக்கரமும், அதன் நாக்கும் எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று அவர் வரைந்து கொடுத்த தாள் இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. நான் மாட்டியிருந்த திசையில் அது பாரத்தைப் பிடிக்கவே பிடித்திருக்காது.

சொன்னதையெல்லாம் செய்யவும் வேண்டாம். பூம் நுனியில் ஒரு பறவைத் தலையும் அலகும் வைக்கச் சொல்லி இரண்டு பேர் வற்புறுத்தினார்கள். வைக்கவில்லை. கொக்கு என்ற பெயரைக் கேட்டவுடன் பார்ப்பவரே மனசுக்குள் தலையை வைத்துக்கொள்கிறார், நான் வைத்தால் அது போய்விடும். ஆனால் அதே கூட்டத்தில் பாய்லர் பக்கத்தில் நான் ஆசையாகச் செய்திருந்த பெரிய பித்தளைச் சுழல்சக்கரத்தைப் பார்த்து "இது எதைச் சுத்துது?" என்று ஒருவர் கேட்டார். எதையும் சுற்றவில்லை. பழைய அலாரக் கடிகாரத்தின் சக்கரம், ஆரங்களை அரத்தால் ராவி எடுக்க எனக்கு 10 நாள் ஆனது. வீட்டுக்கு வந்து கழற்றிவிட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

கேள்வி: கொக்கியின் நூல் நேராகத் தொங்காமல் சுருண்டு நிற்கிறது. மோட்டார் வைத்தால் மேலே ஏறுகிறது, இறங்க மறுக்கிறது. – நாகர்கோவில் வாசகர்

இரண்டுக்கும் காரணம் ஒன்றே, உங்கள் கொக்கி கனம் இல்லாதது. அளவில் சிறிதாக்கும்போது நீளம் 24-ல் ஒரு பங்காகிறது, எடையோ 24 × 24 × 24-ல் ஒரு பங்காகிவிடுகிறது, அதாவது 13,824-ல் ஒரு பங்கு. நூலின் விறைப்பும் கப்பியின் உராய்வும் அதே வேகத்தில் குறைவதில்லை. கொக்கிக் கட்டைக்குள் இரும்பு நட்டோ ஈயமோ வைத்து 8 கிராமாவது கொண்டுவாருங்கள். பருத்தித் தையல் நூலில் மயிர் மயிராக நிற்கும், பெரிய அளவில் அது தாம்புக்கயிறு மாதிரி தெரியும். முறுக்கான பாலியெஸ்டர் நூலை எடுத்துத் தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்து, கனமான எதையாவது கட்டி ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். சங்கிலி வேண்டுமென்றால் கவரிங் கடையில் கிடைக்கும் மிக மெல்லிய செயின் அருமையாகப் பொருந்தும்.

மோட்டாருக்கு என்20 என்ற சின்ன வகையைக் கேளுங்கள், 12 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன், கியரோடு வரும், பாய்லருக்குள் அடங்கும். நிமிடத்துக்கு 15 சுற்றுக்கு மேல் வேண்டாம். 6 மி.மீ. உருளையில் அது நொடிக்கு சுமார் 4.7 மி.மீ. நூலைச் சுற்றும், கொக்கியில் நூலை இரட்டை மடிப்பாகக் கட்டினால் கொக்கி அதில் பாதி வேகத்தில் ஏறும். அந்த நிதானம்தான் கிரேன். வேகமாக ஏறினால் பொம்மை ஆகிவிடும். மின்கம்பிகளைச் சுழல்தட்டின் நடுத்தண்டு வழியாக இறக்குங்கள், காலியான பித்தளை ரீஃபில் குழாய் அதற்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். தட்டு ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் ஒரு தடுப்புக்கட்டை வையுங்கள், இல்லாவிட்டால் கம்பி முறுக்கேறி அறுந்துவிடும்.

கேள்வி: விபத்து நிவாரண ரயிலில் நிற்கும் நம் 140 டன் கிரேனை இந்த மாதிரி வேடிக்கையாகச் செய்யலாமா? – அரக்கோணம் வாசகர்

மாடலாகச் செய்யுங்கள், கட்டாயம் செய்யுங்கள், ஆனால் வேடிக்கையாக வேண்டாம் என்பது என் கருத்து. கவுன்ஸ் ஷெல்டன், காட்வால்ட் என்று வெளிநாட்டுக் கிரேன்கள் வந்து, பிறகு 1862-ல் தொடங்கிய ஜமால்பூர் பணிமனையிலேயே 140 டன் கிரேன்களைக் கட்டினார்கள். அந்த கிரேன் கிளம்பும் நேரம் எங்கோ பெட்டிகள் புரண்டு கிடக்கும் நேரம். அதை அப்படியே, உள்ளபடி செய்வதுதான் மரியாதை.

அளவில் ஒரு சிக்கல் வரும். நம் அகல ரயில் பாதை 1,676 மி.மீ. ஹெச்ஓ அளவில் அது 19.3 மி.மீ. ஆக வேண்டும், கடைத் தண்டவாளம் 16.5தான். சாதாரணப் பெட்டியில் இந்தக் குறை தெரியாது. கிரேனில் தெரியும், பெரிய உடம்பு ஒல்லிக் காலில் நிற்பது மாதிரி இருக்கும். அப்படியே ஏற்றுக்கொண்டு அடிப்பகுதியை நிழலில் மறைப்பவர்களும் உண்டு, தண்டவாளத்தையே கையால் போட்டுக்கொள்பவர்களும் உண்டு.

வேடிக்கைக்கு விதை வேண்டுமென்றால் சின்ன கிரேன்களைப் பாருங்கள். குட்ஸ் ஷெட்டில் நின்ற கைச்சுழற்சிக் கிரேன்கள், இரண்டு பேர் கைப்பிடியைச் சுற்றினால் மூட்டை ஏறும். பழைய பிரிட்டிஷ் பெரிய கிரேன்களிலும் நல்ல விஷயங்கள் உண்டு. இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் அண்ட் ரேப்பியர் நிறுவனத்தில் இருந்த வில்ஃப்ரெட் ஸ்டோக்ஸ் ஒரு ஏற்பாடு கண்டுபிடித்தார். கிரேனின் முன்னும் பின்னும் தனிச் சக்கர வண்டிகளை மாட்டி, பயணத்தின்போது எடையில் ஒரு பகுதியை அவற்றின் மேல் ஏற்றிவிடுவது, இடம் வந்ததும் கழற்றி ஒதுக்கிவிட்டு கிரேன் பாரத்தின் அருகே போவது. கனமான கிரேன் பலவீனமான பாலங்களைக் கடக்க அது உதவியது. முதல் உலகப் போரில் பிரபலமான ஸ்டோக்ஸ் மோர்ட்டர் என்ற சிறு பீரங்கியைச் செய்தவரும் இவரேதான்.

கேள்வி: எந்தப் பெயின்ட்? துரு எப்படி? – மதுரை வாசகி

பளபளப்பு வேண்டாம், மங்கல் பெயின்ட் மட்டும், அதுவும் பிரைமருக்கு மேல் மெல்லிய இரண்டு பூச்சு. நிறம் உங்கள் இஷ்டம். பிரிட்டிஷ் ரயில்வே கிரேன்களே முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு, அப்புறம் மஞ்சள் என்று மாறியவைதான். துருவுக்குக் காவிப்பொடியை விட்டால் வேறு எதுவும் தேவையில்லை, காவியே இரும்பு ஆக்சைடுதானே. உலர்ந்த தூரிகையில் துளியூண்டு தொட்டு, தண்ணீர் தேங்கக்கூடிய மூலைகளில் மட்டும் தட்டுங்கள். புகைபோக்கிக்கு அடுப்புக்கரி. கை படும் இடங்களில், லீவர் நுனியில், படிக்கட்டு ஓரத்தில் பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரிய வேண்டும், அங்கே பென்சில் முனையைத் தேயுங்கள்.

கேள்வி: களனி பள்ளத்தாக்கு ரயில் பழைய 762 மி.மீ. அகலத்தில் இருந்த காலத்துக் கிரேன் ஒன்றைக் கற்பனையாகச் செய்ய ஆசை. 16.5 மி.மீ. பொருந்துமா? – கொழும்பு வாசகர்

நன்றாகவே பொருந்தும். 1:48 அளவில் 762 என்பது 15.9 மி.மீ., 1:43.5 அளவில் 17.5. இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் தண்டவாளம் இருக்கிறது. நான் என்றால் 1:48 எடுப்பேன், 30 அங்குலப் பாதைக்கு அந்த அளவில் உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம். ஆள் சுமார் 3.5 செ.மீ. வருவார்.

கேள்வி: என் மகளுக்கு வயது 9. அவளும் செய்ய வேண்டும் என்கிறாள். – தஞ்சாவூர் வாசகி

கத்தியும் சூடுகோலும் உங்கள் கையில், ஒட்டும் ஃபெவிகால் அவள் கையில். பூமை ஐஸ்கிரீம் குச்சியில் குறுக்கு நெடுக்காக அவளே கட்டட்டும், முக்கோணம் முக்கோணமாக. சதுரமாக ஒன்று, முக்கோணமாக ஒன்று செய்து இரண்டையும் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், எது நெளிகிறது என்று அவளே சொல்லிவிடுவாள். ஃபெவிக்விக் மட்டும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கொக்கின் முன்னால் ஒரு காலி வண்டி நிற்கிறதே, அது எதற்கு? – விழுப்புரம் வாசகர்

கழுத்தைச் சாய்க்க. பயணத்தின்போது பூமைத் தாழ்த்த வேண்டும், தாழ்த்தினால் அது கிரேனைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த பெட்டியில் இடிக்காமல் இருக்க அதற்குக் கீழே ஒரு தட்டையான வண்டி விடுவார்கள், அதில் பூம் சாய ஒரு தாங்கி இருக்கும். ஒன்று கவனியுங்கள், வளைவில் கிரேன் ஒரு பக்கமும் இந்த வண்டி ஒரு பக்கமும் திரும்பும், ஆகவே பூம் அந்தத் தாங்கியின் மேல் பக்கவாட்டில் நழுவ வேண்டும். நான் முதலில் பூமைத் தாங்கியோடு நூலால் கட்டியிருந்தேன், முதல் வளைவிலேயே இரண்டும் தடம் புரண்டன. இப்போது தாங்கியின் மேல் ஒரு சின்னத் தலையணை இருக்கிறது, என் மனைவி தைத்தது, 2 செ.மீ. அகலம், உறை மாற்றலாம். அதற்கு என்ன வேலை என்று அந்தத் துறைமுகத்து அண்ணன் கேட்டார். கட்டக்கூடாது, ஆனால் ஆடி ஆடிப் பெயின்ட் உரியவும் கூடாது, அதற்கு என்றேன். இரண்டு வளைவு ஓட்டிப் பார்த்தார். அடுத்த மாதம் வரும்போது அவரே இன்னொரு உறை தைத்துக் கொண்டுவந்தார், நீலக் கட்டம் போட்டது.